கையில் காசில்லாத லாபம்: ஒரு கருவாட்டு வியாபாரத்தின் இரண்டு ஆண்டுக் கணக்கு

(அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. தொகைகள் ஆயிரக்கணக்கில் முழுமையாக்கப்பட்டவை. கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்தவன் என்ற முறையில் இதைப் பதிவு செய்கிறேன்.)

பின்னணி

ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே பாக் விரிகுடாவை ஒட்டிய ஒரு மீனவக் கிராமம். அங்கே ஒரு தம்பதியர் பல ஆண்டுகளாகக் கருவாட்டு வியாபாரம் செய்து வருகிறார்கள். விடியற்காலையில் கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுப்பதும், வெளியூர் வியாபாரிகளிடம் விலை பேசுவதும் கணவர் பொறுப்பு. வெட்டுவது, உப்பிடுவது, காயவைப்பது, மூட்டை கட்டுவது எல்லாம் மனைவியின் மேற்பார்வை. தினக்கூலிக்கு ஆறு பெண்கள் வருகிறார்கள்.

சரக்கு மூன்று வகை. முதலாவது கட்டா, திருக்கை போன்ற பெரிய மீன். இவற்றை வயிறு கீறிக் கழுவி, உப்புத் தொட்டியில் ஊறவைத்துப் பிறகு வெயிலில் போடுவார்கள். இரண்டாவது நெத்திலி. மூன்றாவது காரல், வாளை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது நாட்டுப்படகுகள் மட்டும் கடலுக்குப் போகும். பச்சை மீன் வரத்துக் குறைவதால் கருவாட்டுக்கு நல்ல விலை கிடைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் வெயிலை நம்பிச் சரக்கு எடுக்க முடியாது.

இந்தத் தொழிலில் வெளியாருக்குச் சட்டென்று விளங்காத ஒன்று படகு முன்பணம். வலை வாங்க, இயந்திரம் பழுதுபார்க்க, வீட்டுச் செலவுக்கு என்று படகுக்காரர் வியாபாரியிடம் பணம் வாங்குவார். இதற்கு வட்டி கிடையாது. பதிலாகப் பிடிக்கும் மீனை அந்த வியாபாரிக்கே, ஏல விலையைவிடக் கொஞ்சம் குறைத்துத் தர வேண்டும். அசலைத் திருப்பித் தரும் நாள் என்று எதுவும் இல்லை. படகுக்காரர் வேறொரு வியாபாரியிடம் போனால், அந்தப் புதியவர் பழைய பாக்கியை அடைத்துவிட்டுப் படகை எடுத்துக்கொள்வார். இந்தத் தம்பதியர் நான்கு வள்ளங்களுக்கு (நாட்டுப்படகுகளுக்கு) இப்படிப் பணம் கொடுத்திருந்தார்கள்.

கணக்குப் புத்தகம் என்று எதுவும் இருக்கவில்லை. சோம்பல் மட்டும் அதற்குக் காரணம் அல்ல. அப்போதிருந்த வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவின்படி, இரண்டு கோடி ரூபாய்க்குள் விற்றுமுதல் உள்ள சிறு வியாபாரி, அதில் 8 சதவீதத்தையோ, வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதத்தையோ லாபமாகக் காட்டிவிட முடிந்தது. ஏடுகள் வைத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நல்ல வசதிதான். ஆனால் வரிக்காக யாரும் கணக்குக் கேட்கவில்லை என்பதால், தங்களுக்காகவும் கணக்கு வேண்டியதில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள்.

வண்டி வாங்குவதா?

2023 தொடக்கத்தில் கணவர் ஒரு சிறிய சரக்கு வண்டி வாங்க முடிவெடுத்திருந்தார். முன்தொகை 1,50,000 ரூபாய். மீதி ஐந்து லட்சம் கடன். சொந்த வண்டி இருந்தால் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நேரே சரக்கை இறக்கலாம், இடைத்தரகு மிச்சம் என்பது அவர் கணக்கு. "வருடம் முழுக்க உழைத்தும் கையில் ஒன்றும் நிற்பதில்லை. இந்த வியாபாரத்தில் லாபமே இல்லை, வண்டி வந்தால்தான் விடியும்" என்பது அவர் வாதம்.

முன்தொகைக்கு மனைவியின் மிச்ச நகையையும் அடகு வைக்க வேண்டும். ஏற்கெனவே ஐந்தரை லட்சத்துக்கு நகை வங்கியில் இருந்தது. லாபமே இல்லாத தொழிலுக்கு எதற்கு வண்டி என்று அவர் கேட்டார். அதற்குக் கணவரிடம் பதில் இல்லை. தொழிலில் லாபம் இருக்கிறதா இல்லையா என்பதே இருவருக்கும் தெரியாது என்பதுதான் உண்மை நிலவரம்.

ஏப்ரலில் கணவரின் அக்காள் மகள், அதாவது மருமகள், பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு விடுமுறைக்கு வந்தாள். வணிகவியல் பிரிவு, தமிழ் வழி. கணக்குப்பதிவியல் பாடத்தின் முதல் அத்தியாயமே முழுமை பெறாத பதிவேடுகளிலிருந்து லாபத்தைக் கண்டுபிடிப்பது பற்றியது. தேர்வுக்குப் படித்தது மறந்துபோவதற்குள் நிஜமான முழுமை பெறாத பதிவேடு ஒன்று அவள் முன்னால் கிடந்தது.

ஓராண்டைப் பின்னோக்கி எழுதியது

அத்தையிடம் இருந்தவை: நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறம் எழுதிய கூலிக் கணக்கு, ஏலக்காரரின் துண்டுச் சீட்டுகள், வங்கிப் புத்தகம், நகைக்கடன் ரசீதுகள், கைபேசியில் வந்த பணத்தின் பட்டியல். தாள்களில் பாதி உப்புப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

ஆண்டு முடிவாக ஏப்ரல் 14-ஐ எடுத்துக்கொண்டார்கள். சித்திரை முதல் நாள். மறுநாள் முதல் விசைப்படகுகள் கரையில் கட்டிவைக்கப்படும். சரக்கு எண்ண வசதியான நாள்தான். ஆனால் அரசின் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

சரக்கிருப்பை மதிப்பிடும்போது முதல் தகராறு வந்தது. மூட்டைகளை நிறுத்தியாயிற்று. தடைக்காலத்தில் விற்கப்போகும் விலையைப் போட்டு 5,60,000 ரூபாய் என்றார் கணவர். அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் போட வேண்டும் என்றாள் பெண்.

"இன்னும் விற்காத கருவாட்டில் லாபம் எழுதக்கூடாது, மாமா."

"விற்கத்தானே போகிறேன்?"

"விற்ற பிறகு எழுதிக்கொள்ளலாம்."

அடக்க விலையில் 4,60,000 வந்தது. அதிலும் அத்தை ஒரு திருத்தம் சொன்னார். தொட்டியிலிருந்து எடுத்து இரண்டு நாளே ஆன கட்டா மூட்டைகளில் இன்னும் ஈரம் இருந்தது. காய்ந்து முடிந்தால் எடை இறங்கும். அந்த மூட்டைகளுக்கு எடையைக் குறைத்துப் போட்ட பிறகு கிடைத்ததுதான் இந்த 4,60,000. பாடத்தில் இல்லாத இந்தத் திருத்தம் இல்லையென்றால் இருப்பு பொய்யாகியிருக்கும்.

முந்தைய ஆண்டின் தொடக்க நிலையை நினைவிலிருந்தும் சீட்டுகளிலிருந்தும் மதிப்பிட்டார்கள். இந்த ஆய்வின் பலவீனமான இடம் அது. முடிவில் கிடைத்த இரண்டு நிலை அறிக்கைகள் இவை:

2022 ஏப்ரல்: ரொக்கமும் வங்கியும் 70,000, சரக்கிருப்பு 4,10,000, வர வேண்டிய பாக்கி 5,20,000, படகு முன்பணம் 5,00,000, தொட்டி, களம், தராசு, இருசக்கர வண்டி 3,00,000. மொத்தம் 18,00,000. கடன்கள்: நகைக்கடன் 4,00,000, மீனுக்கும் பனிக்கட்டிக்கும் உப்புக்கும் கொடுக்க வேண்டியது 1,00,000. முதல் (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) 13,00,000.

2023 ஏப்ரல்: ரொக்கமும் வங்கியும் 40,000, சரக்கிருப்பு 4,60,000, பாக்கி 8,10,000, முன்பணம் 6,20,000, தேய்மானம் போகச் சொத்துகள் 2,70,000. மொத்தம் 22,00,000. கடன்கள்: நகைக்கடன் 5,50,000; மகளிர் குழுக் கடன் 1,00,000; கொடுக்க வேண்டியது 1,50,000. முதல் 14,00,000.

வீட்டுச் செலவுக்கு எடுத்தது மாதம் 30,000 வீதம் 3,60,000. இறுதி முதலுடன் அதைக் கூட்டித் தொடக்க முதலைக் கழித்தால் ஆண்டு லாபம் 4,60,000 ரூபாய்.

கணவர் நம்பவில்லை. லாபம் நாலரை லட்சம் என்றால் கையிருப்பு எப்படி எழுபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரமாக இறங்கும்? இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது பதில் கிடைத்தது. வியாபாரிகளிடம் நிற்கும் பாக்கி 2,90,000 கூடியிருந்தது. முன்பணம் 1,20,000 கூடியிருந்தது. சரக்கு 50,000 கூடியிருந்தது. நகையை வைத்தும் குழுவில் வாங்கியும் திரட்டிய இரண்டரை லட்சம் இவற்றுக்குள்தான் போயிருந்தது. லாபம் இருந்தது, அது அடுத்தவர் கடையில் மூட்டையாகக் கிடந்தது.

இந்த லாபத்தில் மனைவியின் உழைப்புக்கு ஒரு பைசாவும் செலவாக எழுதப்படவில்லை. களத்தில் வேலை செய்யும் பெண்களின் கூலியையே அவருக்கும் போட்டால் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரும். லாபம் மூன்றரை லட்சமாகிவிடும். மருமகள்தான் இதை எழுப்பினாள். கணவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். மனைவி அந்தத் தொகையைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டார்.

சரக்கைப் பிரித்துப் பார்த்தது

அடுத்து விற்பனையை வகைவாரியாகப் பிரித்தார்கள். மொத்த விற்பனை 36 லட்சம்.

கட்டாவும் திருக்கையும் 14 லட்சத்துக்கு விற்றிருந்தன. மீன், உப்பு, கூலி, வண்டிச் சத்தம் (வண்டி வாடகை) போக மிஞ்சியது 1,90,000. நெத்திலி 12 லட்சம், மிஞ்சியது 2,10,000. காரலும் வாளையும் 10 லட்சம், மிஞ்சியது 2,00,000. ஆக ஆறு லட்சம். இதில் வட்டி, தேய்மானம், களத்து வாடகை முதலான பொதுச் செலவு 1,40,000 போனால் அதே 4,60,000 வருகிறது. இரண்டு வழியிலும் ஒரே தொகை வந்த பிறகுதான் கணவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அந்த வீட்டில் கட்டாதான் பெரிய சரக்கு. ஒரு மூட்டைக்குக் கிடைக்கும் பணம் பெரிது. அதை வாங்குபவரும் பெரிய வியாபாரி. காரல் ஏழைச் சரக்கு, பெண்கள் பார்த்துக்கொள்வது. ஆனால் நூறு ரூபாய் விற்பனையில் காரலில் 20 ரூபாய் நின்றது, கட்டாவில் 14 ரூபாய்கூட நிற்கவில்லை. முடங்கிய பணத்தைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது. கட்டாவில் இருப்பும் பாக்கியுமாக 8,20,000 மாட்டியிருந்தது. மற்ற இரண்டு வகைகளுக்கும் சேர்த்தே 4,50,000தான். அதாவது கட்டாவில் போட்ட ஒரு ரூபாய் ஆண்டுக்கு 23 காசு தந்தது. மற்றவற்றில் போட்ட ரூபாய் 91 காசு தந்தது.

காரணம் ஒரே ஒரு வியாபாரி. மொத்தப் பாக்கியான 8,10,000-இல் 4,70,000 அவரிடம் நின்றது. மற்றவர்களைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் கூடுதலாகத் தருவார்; பணம் வர ஐந்து மாதம் ஆகும். கிலோ 350 ரூபாய்ச் சரக்குக்கு 11 சதவீத நகைக்கடன் வட்டியில் ஐந்து மாதத்துக்குப் போட்டுப் பார்த்தாள் மருமகள். 16 ரூபாய் வந்தது. இருபதில் பதினாறு வட்டிக்குப் போனால் காத்திருப்பதற்குக் கூலி கிலோவுக்கு நான்கு ரூபாய்.

நான்கு ரூபாயானாலும் லாபம்தானே என்று கணவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வட்டிக் கணக்கில் இல்லை, ஏலச் சீட்டுகளில் இருந்தது. நெத்திலி மலிந்து விலை விழுந்த நாட்கள் பலவற்றில் அவர் பெயரில் சீட்டே இல்லை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டபோது, "அன்றைக்குக் கையில் காசில்லை" என்றார்.

படகு முன்பணம்

வட்டியில்லாமல் 6,20,000 கொடுத்திருப்பது வீண் என்பது மருமகளின் முதல் முடிவு. பாடத்தின்படி அப்படித்தான் தோன்றும். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை, படகு இல்லாவிட்டால் மீன் இல்லை என்றார். கணக்கும் அவர் பக்கமே நின்றது. நான்கு வள்ளங்களிடமிருந்து ஓராண்டில் 15 லட்சத்துக்கு மீன் வந்திருந்தது. ஏல விலையைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைவாக. அதாவது 1,30,000 ரூபாய் அளவுக்கு விலையில் ஆதாயம். எழுதப்படாத வட்டி என்று அதைச் சொல்லலாம்.

படகுவாரியாகப் பிரித்ததும் படம் மாறியது. மூன்று வள்ளங்கள் நன்றாகத் தந்திருந்தன. நான்காவது வள்ளத்துக்கு மட்டும் இரண்டு லட்சம் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து வந்த மீன் 1,10,000 ரூபாய்க்குத்தான். உரிமையாளர் உறவினர். உடல்நிலை சரியில்லாமல் மாதக்கணக்கில் கடலுக்குப் போகவில்லை. அது ஊருக்கே தெரியும். அந்தப் பணம் முன்பணமாக இல்லாமல் உதவியாக மாறிவிட்டது என்பதைத்தான் யாரும் தனியாக எழுதிப் பார்க்கவில்லை.

எடுத்த முடிவுகள்

வண்டி தள்ளிவைக்கப்பட்டது. ஐந்து லட்சத்துக்கு 12 சதவீத வட்டியில் நான்கு ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 13,200 ரூபாய், ஆண்டுக்கு 1,58,000. ஓட்டுநரும் டீசலும் காப்பீடும் தனி. அந்த ஆண்டு முழுவதும் வெளி வண்டிகளுக்குக் கொடுத்த சத்தமோ 1,05,000தான். இந்த ஒப்பீட்டுக்குக் கணக்கியல் பெரிதாகத் தேவையில்லை. வண்டிச் சத்தத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கூட்டியிருந்தால் போதும். ஆனால் அதுவரை யாரும் கூட்டவில்லை.

பெரிய வியாபாரியிடம் பழைய பாக்கியில் பாதியாவது தீரும்வரை புதுச் சரக்கு இல்லை என்றும், அதன்பின் ஒரு லோடு பணம் வந்தால்தான் அடுத்த லோடு என்றும் சொல்வதென முடிவானது. கணவருக்கு இதில் மனம் ஒப்பவில்லை. பல ஆண்டுப் பழக்கம். பேசும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டார்.

நான்காவது வள்ளத்துக்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்பதில்லை என்று தீர்மானித்தார்கள். உடல்நிலை தேறி மீன் கொண்டுவரும்போது சிறுகச் சிறுகக் கழித்துக்கொள்வது, மீதியில் பாதியை வாரா ஐயக்கடன் ஒதுக்காக, அதாவது வராமல் போகலாம் என்று முன்கூட்டியே நட்டமாக, ஏட்டில் எழுதிவிடுவது. உறவு உறவாக இருக்கட்டும், ஏடு ஏடாக இருக்கட்டும் என்ற இந்த ஏற்பாடு இந்த ஆய்விலேயே முதிர்ச்சியான முடிவு என்பது என் கருத்து.

பணம் விடுபட்டால் முதலில் நெத்திலிக்கு உயரமான வலைத் தட்டுகள் போடுவது என்றும் முடிவானது. மணலில் காய்ந்த நெத்திலியில் மணல் ஒட்டும். அதை உணவுக்கு வாங்குவோர் ஒதுக்கிவிடுவார்கள். கோழித்தீவனத்துக்கு எடுப்பவர்களிடம் பாதி விலைக்குத் தள்ள வேண்டிவரும். முந்தைய ஆண்டு நெத்திலியில் நான்கில் ஒரு பங்கு அப்படிப் போயிருந்தது.

அடுத்த ஆண்டு நடந்தது

பெரிய வியாபாரி கோபித்துக்கொண்டார். இரண்டு மாதம் சரக்கே எடுக்கவில்லை. கட்டா மூட்டைகள் தேங்கி மழைக்காலம் வந்துவிட்டது. ஈரக்காற்றில் ஒரு பகுதி சிவப்புப் பிடித்து 40,000 ரூபாய் நட்டம். அந்த வாரங்களில் வீட்டில் கணக்குப் புத்தகத்தின் பெயரைச் சொன்னாலே சண்டை. மார்கழிக்குப் பிறகு பாக்கி சிறிது சிறிதாக வரத் தொடங்கியது. வந்த பணத்தில் தட்டுகள் போட்டார்கள், 57,000 ஆயிற்று. நெத்திலி மலிந்த நாட்களில் இப்போது கணவர் பெயரிலும் சீட்டுகள் இருந்தன.

2024 ஏப்ரல் 14 நிலவரம்: விற்பனை 36 லட்சத்திலிருந்து 33 லட்சமாகக் குறைந்தது. கட்டா 8 லட்சம், நெத்திலி 15 லட்சம், காரலும் வாளையும் பழையபடி 10 லட்சம். வர வேண்டிய பாக்கி 4,60,000. விற்பனையோடு ஒப்பிட்டால் 82 நாள் பாக்கி 51 நாளாக இறங்கியிருந்தது. கையிருப்பு 1,30,000. நகைக்கடன் ஐந்தரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாகியிருந்தது. குழுக் கடன் 40,000.

லாபம் 4,30,000. முந்தைய ஆண்டைவிட 30,000 குறைவு.

லாபம் குறைந்துவிட்டதே என்று கணவர் கேட்டார். நான்காவது வள்ளத்துக்கு எழுதிய ஒதுக்கு 90,000, கெட்டுப்போன கட்டா 40,000 ஆகியவை இந்த ஆண்டின் தலையில் விழுந்தவை. அதைவிட முக்கியமானது, முந்தைய ஆண்டின் 4,60,000-இல் வந்துசேருமா என்று தெரியாத பாக்கிகளும் கலந்திருந்தன. நான்காவது வள்ளம் அந்த ஆண்டே படுத்துவிட்டது. ஒதுக்கை அப்போதே எழுதியிருந்தால் அந்த லாபம் மூன்றரை லட்சத்துக்கு அருகில்தான் இருந்திருக்கும். இதை அவருக்கு விளங்கவைக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. முழுமையாக ஏற்றுக்கொண்டாரா என்று சொல்ல முடியாது. நகை வீட்டுக்கு வந்ததை ஏற்றுக்கொண்டார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பெரிய வியாபாரிக்கு நிபந்தனை விதித்த காலம் தவறு. மழை வருவதற்கு முன், தொட்டியில் கட்டா நிறைந்திருந்த நேரத்தில் பேசினார்கள். சரக்குத் தேங்கினால் யாருக்கு நட்டம் என்பது அவருக்குத் தெரியும். தடைக்காலத்தில், அவருக்குச் சரக்குத் தேவைப்படும்போது பேசியிருந்தால் அந்த 40,000 தப்பியிருக்கலாம். லாப நட்டக் கணக்கு எதைச் செய்யலாம் என்று காட்டியது. எப்போது செய்வது என்பதைக் கடலும் வானமும் பார்த்துப் பழகியவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். கணவரிடம் அந்தத் தேதியைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

ஆண்டு முடிவை மார்ச் 31-க்கு மாற்ற வேண்டும். வரித் தாக்கலுக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று இரண்டு தேதிகள் இருப்பது, வங்கியில் கடன் கேட்கப் போனால் தேவையற்ற கேள்விகளைக் கிளப்பும். சித்திரை முதல் நாளில் சரக்கு எண்ணும் வழக்கத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

வகைவாரிக் கணக்கில் கூலியைப் பிரித்த முறை தோராயமானது. காரலுக்கு ஆகும் கைவேலை அதிகம். அந்த வேலையில் பெரும்பகுதி மனைவியினுடையது, அதற்குக் கூலி எழுதப்படவில்லை. எழுதினால் காரலின் 20 சதவீதம் எவ்வளவு நிற்கும் என்று பார்த்த பிறகே அந்தச் சரக்கைப் பெருக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

மருமகள் இப்போது கல்லூரியில் பி.காம். படிக்கிறாள். ஏடுகளை அத்தையே எழுதுகிறார்: ரொக்க ஏடு, பாக்கி ஏடு, படகு ஏடு, சரக்கு ஏடு என்று நான்கு நோட்டுகள். 2024 ஏப்ரலுக்குப் பிறகு கூலிப் பக்கத்தில் அவருடைய பெயரும் ஏழாவதாக இருக்கிறது. வண்டிச் சத்தத்துக்குத் தனிப் பக்கம் போட்டிருக்கிறார். ஆண்டுச் சத்தம் இரண்டு லட்சத்தைத் தாண்டினால் வண்டியைப் பற்றி மறுபடி பேசலாம் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறார்.